பொட்டு உடையாத நட்டு

அன்புள்ள ரவிக்கு,

"நட்டு சுத்திச்சா டீச்சர், கழுத்து சுத்திச்சா?" என்று பதுளைக் கடைத்தெருவில் ஒருவர் என்னிடம் கேட்டார். அதுவரை கேள்வி கேட்பது என் வேலையாகவும் பதில் சொல்வது பிள்ளைகளின் வேலையாகவும் இருந்தது. அன்றைக்கு நான் சொன்ன பதில் பிழையாகப் போனது. மடியில் பழைய சாக்கில் சுற்றிய லொறிச் சாமான் ஒன்றை வைத்துக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அவர் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வியைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லும் வேளை வந்துவிட்டது. உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

உன் லொறியின் ஒயில் கூலருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸும் கசிகின்றன, கராஜில் இரண்டு கிழமை காத்திருக்கச் சொல்கிறார்கள், திங்கட்கிழமை வெலிமடையில் உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். "அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களே, தெரிந்ததை எழுதுங்கள்" என்றும் கேட்டிருக்கிறாய். நேரில் வந்து சொல்லலாம் என்றால், ஒப்பரேசன் செய்த கண்ணின் கட்டுத்துணியை டாக்டர் இன்னும் அவிழ்க்கவில்லை. மற்றக் கண்ணால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பது உண்மைதான். ஆனால் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரு வண்டியைக் கெடுத்தேன், முந்நூறு குடும்பத்துக்கு வரவேண்டிய மாவை நிறுத்தினேன், உன் அப்பாவைப் புல்லு வெட்ட அனுப்பினேன். அதையெல்லாம் சொல்லாமல் ஹோஸ் கழற்றும் முறையை மட்டும் எழுதினால், கணக்கின் விடையை மட்டும் எழுதி வழியை அழித்த பிள்ளைக்கு நான் போடும் பூச்சியம் எனக்கே விழும்.

நாங்கள் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த காலம் அது. நீ ஹாலிஎலையில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். எழுபதுகளின் நடுவில் மாவுக்கும் அரிசிக்கும் நாடே வரிசையில் நின்றது உனக்கு நினைவிருக்கும். பட்டணத்தில் வரிசை என்றால், மலைமேல் வெறும் அடுப்பு. கிழமைக்கு ஒரு தடவை பதுளைக் களஞ்சியத்தில் தோட்டத்துக்கென்று கோதுமை மாவு ஒதுக்குவார்கள். குறித்த நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குள் லொறி போய் நிற்காவிட்டால் அந்தப் பங்கு வேறு தோட்டத்துக்குப் போய்விடும். லொறி ஒன்றுதான். அதன் டிரைவர் உன் அப்பா. அந்த மலைச் சாலையில் நீ வண்டி ஓட்டியிருக்கிறாய், நான் வருணிக்க வேண்டாம். அந்த ஏற்றத்தில் சுமையோடு வரும்போது எஞ்சின் ஒயில் கொதித்துவிடாமல் இருக்கத்தான் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் ஒயில் கூலர் வைத்திருந்தார்கள். சூடான ஒயில் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், காற்றில் ஆறி, மற்ற ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். கூலர் பித்தளை. அதன் பக்கவாட்டில் இரண்டு குட்டையான பித்தளை வாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் கழுத்து என்பார்கள். ஹோஸின் நுனியில் இருக்கும் இரும்பு நட்டு அந்தக் கழுத்தின்மேல் திருகி இறுகும். உன் வண்டியிலும் இப்படித்தான் இருக்கும். பித்தளைக் கழுத்து, இரும்பு நட்டு. இரண்டில் எது மெலிந்தது என்று உனக்கே தெரியும்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முதல் நாளே ஹோஸ் கசியத் தொடங்கியிருந்தது. அப்பா பதுளையிலிருந்து புது ஹோஸ் இரண்டு வாங்கி வைத்திருந்தார். பூசை நாளில் வண்டியைத் தொட முடியாது. கழுவி, மாலை போட்டு, வாழைக்குட்டி கட்டி, தலையிலிருந்து சில்லு வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உன் அப்பாவுக்கு அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாது. முன்பக்கக் கம்பிவலையைக் கழற்றி, கூலரின் இரண்டு கழுத்துக்கும் பொட்டு வைத்தார். ஒற்றை விரலால் நட்டிலிருந்து கழுத்துக்கு ஒரு இழுப்பு. பாதிச் சந்தனம் நட்டின்மேல், பாதி கழுத்தின்மேல். ராத்திரிக்குள் அது சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. ஸ்பேனர்களையும் சாவிகளையும் தொழிற்சாலைச் சாமி மேடையில் அடுக்கினார்கள். அந்த நட்டுக்கும் கழுத்துக்கும் பொருந்தும் ஸ்பேனர் தோட்டத்தில் இரண்டுதான். ஒன்று மேடைக்குப் போனது, மற்றது வண்டியின் சீட்டுக்கு அடியில் மறந்து கிடந்தது.

மறுநாள் விஜயதசமி. மாவு எடுக்கும் நாளும் அதுவே. வெளிச்சம் வந்ததும் ஹோஸ் மாற்றிவிட்டு ஏழரைக்குப் புறப்படுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். ஒரு கையில் ஸ்பேனரோடு வந்து, "இன்னொன்ன மேடையில இருந்து எடுத்துட்டு வந்துர்றேன்" என்றார். நான் விடவில்லை.

"மறுபூசை முடியலீங்க. பூசாரி ஒன்பது மணிக்குத்தான் வருவாரு. சாமி முன்னால வச்சத அதுக்கு முன்னாடி எடுக்கக் கூடாது."

"ஒன்பது மணிக்கு நான் பதுளைக்குப் பாதி வழி போயிருக்கணும்மா. கழுத்த ஒன்னால புடிச்சு நட்ட இன்னொன்னால சுத்தணும், ரெண்டு ஸ்பேனர் இல்லாம எப்படி?"

"ஒன்ன வச்சே பாருங்களேன். நேத்துத்தான சாமி கும்புட்டீங்க, வராமலா போகும்?"

சாமியைச் சாட்சிக்கு இழுத்தால் உன் அப்பா அதற்குமேல் பேசமாட்டார். அது எனக்குத் தெரிந்துதான் இழுத்தேன். அன்றைக்கு நான் செய்த முதல் பிழை அது. இத்தனை வருடம் கழித்தும், அது பக்தியா, சொன்ன சொல்லை விட்டுக்கொடுக்க மனமில்லாத வீம்பா என்று கேட்டால், வீம்பு என்றுதான் எழுதுவேன்.

அப்பா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். அவருக்குக் கை எட்டும், கண் எட்டாது. நான் முன்னால் குனிந்து டோர்ச் அடித்தேன். "பொட்டு உடையுதா பாரு. உடைஞ்சா நட்டு நகந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார். நல்ல யோசனைதான். நட்டு மட்டும் திரும்பினால் நடுவில் சந்தனம் வெடித்துப் பிரிய வேண்டும். அவர் ஒரு இழு இழுத்தார். நான் பார்த்தேன். பொட்டு முழுசாக இருந்தது. "நகரல" என்றேன். இன்னும் பலமாக இழுத்தார். "நகரல." "நல்லாப் பாத்தியா?" "பாத்துட்டேங்க, நகரல. இழுங்க." ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு குழாயை மாட்டி, காலால் சேசிஸ் சட்டத்தை உதைத்துக்கொண்டு மூன்றாம் தடவை இழுத்தார். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். என் முகத்தில் கறுப்பு ஒயில் அடித்தது. நட்டும் கழுத்தும் ஒன்றையொன்று பிடித்தபடி, பொட்டு உடையாமல், கூலரிலிருந்து பிய்ந்து அவர் நெஞ்சில் விழுந்தன.

இரண்டு ஹோஸின் முனையையும் கூலர் இல்லாமல் சேர்த்து ஓட்டலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். மாவு மூட்டையோடு அந்த ஏற்றம் ஏறினால் எஞ்சினே போய்விடும் என்று விட்டுவிட்டார். லொறி போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு எங்கள் பங்கு வேறு தோட்டத்துக்குப் போனது. பக்கத்துத் தோட்டத்து வண்டி கைகொடுத்து, மாவு வந்து சேர நாலு நாள் ஆயிற்று, அதுவும் பாதி. அந்த நாலு நாளும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் என்ன வெந்தது என்று எனக்குத் தெரியும். கீரை, மரவள்ளி, அதுவும் இல்லாத வீட்டில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி. இரண்டாம் நாள் வகுப்பில் மூன்று பிள்ளைகள் மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டார்கள். நான் எழுப்பவில்லை. எழுப்ப எனக்கு என்ன முகம் இருந்தது?

ஆபீசில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை விசாரித்தபோது உன் அப்பா ஒரே வரி சொன்னார்: "நான்தான் இழுத்தேங்க." ஸ்பேனர் மேடையில் இருந்ததையும் சொல்லவில்லை, என் பேரையும் எடுக்கவில்லை. லொறிச் சாவியை வாங்கிக்கொண்டு, மறு உத்தரவு வரும்வரை புல்லு வெட்டுக்கு நிற்கச் சொன்னார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், பதினாலு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் தோளில் மண்வெட்டியோடு வரிசையில் நின்றார். அவர் நடந்து போகும்போது பெண்கள் காதில் விழும்படியே பேசினார்கள். வீட்டில் நான் வாயைத் திறந்தால், "நீ பேசாம இரு. உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நாளைக்கு எவன் உன் பேச்சக் கேப்பான்?" என்று அடக்கினார். நான் அடங்கினேன். கணவன் சொல்லைக் கேட்கும் மனைவி என்ற பேர் எனக்கு அப்போது மிக வசதியாக இருந்தது. எட்டு நாள் அந்த வசதியில் சோறு சாப்பிட்டேன்.

கொழும்பிலிருந்து புது கூலர் வர மாதக் கணக்காகும் என்று ஆபீஸ் பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். தொழிற்சாலை ஃபிட்டர் பிய்ந்த கூலரைக் கழற்றி ஒரு மூலையில் போட்டிருந்தார். சனிக்கிழமை காலை நான் அதைச் சாக்கில் சுற்றிக் கொடுக்கச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பதுளையில் பித்தளை பற்றவைப்பதில் கைதேர்ந்தவர் என்று அப்பா அடிக்கடி சொல்லும் நூர்தீன் நானாவின் கடைக்குப் போனேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பிய்ந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அப்போதுதான் நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டார்.

"நட்டு சுத்திச்சா டீச்சர், கழுத்து சுத்திச்சா?"

"ஒன்றும் நகரவே இல்லை நானா. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றேன்.

"நகராமயா இப்பிடிப் பிஞ்சி ஈக்கிது? இத பாருங்க. வெடிச்ச சாமான் நேரா வெடிக்கும். இது ஈரத்துணியப் புழிஞ்ச மாதிரி முறுகி ஈக்கிது. கழுத்து அரைச் சுத்து சுத்தினத்துக்குப் பொறகுதான் பிஞ்சிருக்கு. நகரல்லயாம்! ஒங்கட பள்ளிக்கூடத்துல பிள்ளைகளும் இப்பிடி நகராமத்தான் அடுத்த வகுப்புக்குப் போறாங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், ரவி, அந்தக் கணத்தில் எனக்கு நினைவு வந்தது. இரண்டாம் இழுப்பில் அந்தப் பொட்டு பக்கவாட்டில் ஒரு விரற்கடை தள்ளிப் போனதை நான் பார்த்திருந்தேன். நேர் மேலே இருந்தது கொஞ்சம் வலப்பக்கம் சரிந்தது. என் தலைதான் ஆடியது என்று நினைத்துக்கொண்டேன். உடையுதா பார் என்றார்கள், உடையவில்லை, அவ்வளவுதான். நட்டும் கழுத்தும் சேர்ந்தே திரும்பினால் நடுவில் பொட்டு எப்படி உடையும்? நான் கண்டது 'பொட்டு உடையவில்லை' என்பது. நான் சொன்னது 'நகரவில்லை' என்பது. கண்டதைச் சொல்லாமல், கண்டதற்கு நானே ஒரு அர்த்தம் செய்து அதைச் சொன்னேன். வண்டிக்கு அடியில் கிடந்த மனிதருக்கு என் வாயைத் தவிர வேறு கண் இல்லை. "பொட்டு முழுசா இருக்கு, ஆனா சரிஞ்சிருக்கு" என்று சொல்லியிருந்தால் அவர் அந்த நொடியே கையை எடுத்திருப்பார். பதினாறு வருடம் ஆசிரியை. அவரைக்கொடி விதையைக் கண்ணாடிக் கிளாசில் போட்டு, "என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுது, நீயாக எதையும் சேர்க்காதே" என்று பிள்ளைகளின் கையில் அடித்துச் சொன்னவள்.

நானா கழுத்தைப் பற்றவைத்து வைப்பதாக, அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார். திரும்பும் பஸ்ஸிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை விடிந்ததும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். டீச்சருக்கு அங்கே வேலை இல்லை, அதனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய கிளாக்கர் பேர் வாசிப்பதை நிறுத்தினார். துரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். உன் அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் சொன்னேன்: "அன்னைக்கு ரெண்டாவது ஸ்பேனர எடுக்க விடாம தடுத்தது நான். டோர்ச்சப் புடிச்சுக்கிட்டு, நகரல, இழுங்கன்னு மூணு தடவ சொன்னதும் நான். என் பேச்சக் கேட்டுத்தான் அவர் இழுத்தாரு. உங்க மாவு வராததுக்குக் காரணம் நான்."

நாலு பிள்ளைக்காரி மாரியாயி, தேயிலைக் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏன் டீச்சரம்மா, அந்த நட்டு நகரலேன்னு எட்டு நாளா நீங்களும் நகராம ஒக்காந்திருந்தீங்களாக்கும்? எங்க வூட்டு அடுப்புல பூன படுத்துருந்துச்சு, அதுவும் நகரல." சிரிப்பு எழுந்தது. "அப்ப டீச்சரத்தான் புல்லு வெட்ட அனுப்பணும்" என்றார் கிளாக்கர். இன்னும் சிரிப்பு. நான் நின்றேன். மாரியாயி சிரிக்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. "தப்புத்தான் மாரியாயி" என்றேன். அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு மலைக்குப் போய்விட்டாள். துரை கடைசியில், "கூலர் வரட்டும். அவனே பூட்டி, வண்டி ஒழுங்கா பதுளைக்குப் போய் வந்தா சாவி அவன்கிட்ட. இல்லேன்னா வேற டிரைவர்" என்றார்.

அன்று மாலை உன் அப்பா என்னைப் பாராட்டினார் என்று நினைக்கிறாயா? "கவனமில்லாத டிரைவருன்னு சொன்னானுக, பொறுத்துக்கிட்டேன். இப்ப பொண்டாட்டி சொன்னான்னு இழுத்தவன்னு ஆக்கிட்டியே" என்றார். இரண்டு நாள் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் உடனே எல்லாம் நேராகிவிடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நேராகாது. ஆனால் அதைச் சொல்லாமல் எதையும் நேராக்கத் தொடங்கவும் முடியாது. மூன்றாம் நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரிடமோ சொல்வது போல, "ஞாயித்துக்கிழம ஒரு ஆளு வேணும். ஒரு ஸ்பேனரப் புடிக்க" என்றார்.

சனிக்கிழமை பற்றவைத்த கூலரை நானாவிடம் வாங்கி வந்தேன்; ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டும்போது நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நீயும் அப்படியே செய். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, உருளாமல் சில்லுக்குக் கல் வைத்தோம். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. ஓடி வந்த வண்டியின் ஒயில் ஹோஸைத் திறந்தால் கை வெந்துபோகும். அவசரம் என்று சாக்குச் சொல்லாதே. மண்ணெண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் வெட்டி அடியில் வைத்தோம். எந்த ஹோஸ் மேலே, எது கீழே, எது எந்தப் பக்கமாக வளைந்து போகிறது என்று நான் ஒரு தாளில் வரைந்தேன். மேல் ஹோஸுக்குச் சிவப்பு நூல், கீழ் ஹோஸுக்கு வெள்ளை நூல் கட்டினேன். பிறகு திறக்கப்போகும் ஒவ்வொரு இணைப்பையும் மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவினோம். சந்தனம், குங்குமம், மண், எல்லாம் போனது. "சாமி கோவிச்சுக்காதா?" என்று கேட்டேன். "ஒரு துணுக்கு சந்தனம் ஒயிலுக்குள்ள விழுந்து பேரிங்குக்குப் போனாத்தான் சாமி கோவிச்சுக்கும்" என்றார். அவர் என்னோடு சிரித்துப் பேசி இரண்டு கிழமை ஆகியிருந்தது.

எஞ்சின் பக்கத்துப் பழைய ஹோஸ்களை அன்றுதான் கழற்றினோம். எனக்கு முதல் ஸ்பேனர். அதை எஞ்சினிலிருந்து நீளும் கழுத்தின் ஆறு பட்டையில் மாட்டி, அசையாமல் பிடிப்பது என் வேலை. அவர் ஸ்பேனர் நட்டில். இரண்டு கைப்பிடியும் கத்தரிக்கோல் மாதிரி ஒரு விரிவில் நிற்க வேண்டும். அப்போது இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கினால் போதும், உடம்பு பலம் தேவையில்லை. ஒருவர் மற்றவரைத் தூரத் தள்ளுகிற மாதிரி வைத்தால் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயரும். அவர் மெதுவாக நெருக்கினார். என் கையில் அந்தப் பாரம் ஏறியது. கழுத்து அவர் பக்கமே போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். 'கிறுக்' என்று ஒரு சின்னச் சத்தம். நட்டு மட்டும் திரும்பியது. "சுத்துறவன் சும்மா சுத்துறாம்மா. புடிக்கிறவங்கதான் வேல செய்றாங்க" என்றார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நட்டு இளகியதும் ஒரேயடியாகக் கழற்றாதே. அரைச் சுற்றில் நிறுத்தி, ஒயில் மெல்ல வடிய விடு. பிறகு விரலால் கழற்றி ஹோஸின் வாயைத் தகரத்துக்குள் தாழ்த்து. திறந்து கிடக்கும் ஒவ்வொரு கழுத்தையும் சுத்தமான பொலித்தீனால் மூடி நூலால் கட்டு. துணியைத் திணிக்காதே, அதன் நார் உள்ளே போகும். இடையில் செப்பு வாசர் வளையம் இருந்தால் பழையதைத் திரும்பப் போடாதே. பழைய ஹோஸ் ஏதாவது கம்பியில் உராய்ந்து தேய்ந்திருக்கிறதா என்று பார். அப்படியானால் புதியதும் அதே இடத்தில்தான் தேயும், அதனால் முதலில் அந்தக் கம்பியைச் சரிசெய். புதிய ஹோஸின் மேல் நீளமாக ஒரு எழுத்து வரி ஓடும். இறுக்கி முடிந்த பிறகு அந்த வரி நேராக இருக்க வேண்டும். கயிறு மாதிரி முறுகிக் கிடந்தால் ஹோஸைத் திருகிவிட்டாய் என்று அர்த்தம். நட்டை முதலில் விரலாலேயே மூன்று நாலு சுற்று ஏற்று. விரலுக்கு வராத நட்டு கோணலாக ஏறுகிறது. இறுக்கும்போதும் இரண்டு ஸ்பேனர்தான். தகரத்தில் வடிந்த அளவுக்குப் புது ஒயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் அழுத்தம் காட்டும் முள் ஏறுகிறதா என்று பார். முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்து.

அந்தத் திங்கட்கிழமை வண்டி போனது. மாவு முழுப் பங்கும் வந்தது. மூட்டை இறக்கும் இடத்துக்கு நானும் போய் நின்றேன். மாரியாயி தன் பங்கைச் சேலை முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டு என்னைக் கடந்து போனாள். மறுநாள் அவள் நாலாவது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்து, "கணக்கு ஏற மாட்டேங்குதாம், பாத்துக்கங்க டீச்சரம்மா" என்று விட்டுப் போனாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம். உன் கலியாணம் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "மீனா டோர்ச் பிடிப்பாள். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, சொன்னதைச் செய்தால் போதும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிப்பதை உனக்கு எந்தக் கராஜ்காரனும் சொல்லித்தருவான். ரவி, அன்றைக்கு நானும் சொன்னதைத்தான் செய்தேன். உடைகிறதா பார் என்றார், உடைகிறதா என்று மட்டுமே பார்த்தேன். பொட்டு சரிந்ததைச் சொல்ல எனக்கு இடமும் தோன்றவில்லை, தைரியமும் வரவில்லை. அவர் கேள்வி குறுகலாக இருந்தது, என் பதில் அதைவிடக் குறுகலாக இருந்தது. என் பிழையை அவர்மேல் போடவில்லை. ஆனால் கேட்கிறவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை, கேட்கிற இடத்தில் இருக்கும் உனக்கு நான் சொல்லியே தீர வேண்டும்.

அதன்பிறகு நான் வகுப்பில் கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றினேன். "விதை முளைத்துவிட்டதா?" என்று கேட்டால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து ஆமாம் என்பார்கள். "கிளாசுக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் கிளாசைப் பார்ப்பார்கள். ஒருத்தன் வேர் என்பான், ஒருத்தி பூஞ்சணம் என்பாள், ஒருவன் செத்த எறும்பு என்பான். எல்லாமே அங்கே இருக்கும். மீனாவுக்கு வண்டி தெரியாது என்பது உனக்கு ஒரு வரம் என்று நினை. தெரியாதவள் கண்ணில் படுவதெல்லாம் புதுசு. அவள் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிட்டால், நீ அடியில் படுத்திருக்கும்போது உனக்குக் கண் இருக்காது. வண்டிக்கு அடியில் மட்டும் நடக்கிற காரியமில்லை இது.

ஆகையால் ஞாயிறு காலை நீ ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து பார்: முன்வலையைக் கழற்று, டோர்ச்சை மீனாவின் கையில் கொடு, "என்ன தெரியுது?" என்று மட்டும் கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே.

அம்மா